ஸ்டெம் செல்லால் முடி வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடி கொட்டுவதைப் பற்றி யார் என்னிடம் பேச ஆரம்பித்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஸ்டெம் செல் என்ற சொல் வந்துவிடுகிறது. கேட்பவர்களில் முன்நெற்றி ஏறத் தொடங்கிய இருபது வயதுப் பையன்கள் உண்டு. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாக உதிர்வதைப் பார்த்துக் கலங்கிப்போன தாய்மார்களும் உண்டு. ஆய்வகத்தில் நடந்திருப்பது ஒன்று, விளம்பரத்தில் எழுதியிருப்பது வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல் பலர் பணத்தையும், அதைவிட முக்கியமாகக் காலத்தையும் இழக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. தோல் உயிரியல் ஆய்வுகளைப் பல ஆண்டுகளாகப் படித்து எழுதி வருபவன். உங்கள் தலையைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர்தான்.

ஸ்டெம் செல் என்றால் என்ன? தலையில் அது எங்கே இருக்கிறது?

உடம்பிலுள்ள பெரும்பாலான செல்கள் ஏதோ ஒரு வேலைக்கென்று ஆகிவிட்டவை. ஸ்டெம் செல் அப்படி ஆகாமல் கையிருப்பாகக் காத்திருப்பது. அது பிரியும்போது ஒரு பங்கு ஸ்டெம் செல்லாகவே இருந்துகொள்ளும், மறு பங்கு தேவையான வேறு செல்லாக மாறும். தமிழில் குருத்தணு என்றும் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. உடம்பு புல்லரிக்கும்போது ஒவ்வொரு முடியையும் இழுத்து நிமிர்த்துவது ஒரு நுண்ணிய தசை. அந்தத் தசை மயிர்க்காலில் வந்து ஒட்டும் இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு உண்டு. ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அங்கேதான். முடியை உண்டாக்கும் மூலச்செல்கள் அடியிலுள்ள குமிழில் இருக்கின்றன என்றுதான் வெகுகாலம் நம்பப்பட்டது. 1990இல் ஜார்ஜ் காட்சரெலிஸ், துங்-டியன் சன், ராபர்ட் லாவ்கர் ஆகியோர் எலித்தோலில் செய்த ஆய்வு அந்த நம்பிக்கையை மாற்றியது.

இன்னொரு பாத்திரத்தையும் இப்போதே அறிமுகப்படுத்திவிடுகிறேன். குமிழின் அடிவயிற்றில் பாப்பில்லா என்று ஒரு சிறு செல் கொத்து இருக்கிறது. இது முடியாக மாறாது. 'எழுந்திரு, வேலையைத் தொடங்கு' என்று மேலே புடைப்பில் இருக்கும் ஸ்டெம் செல்களுக்குச் சேதி அனுப்புவதுதான் அதன் வேலை. முடி எவ்வளவு தடிமனாக வளரும் என்பதும் பாப்பில்லாவின் அளவைப் பொறுத்ததே. கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டு பேருக்கும் இடையிலான உறவைப் பற்றியதுதான்.

சீப்பில் வரும் முடியின் அடியில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. வேரோடு போய்விட்டதா?

இல்லை. உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து இருண்ட துணிமேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய, வெளிறிய உருண்டை தெரியும். ஓய்வுக்குப் போன முடியின் காய்ந்த அடிநுனி அது. ஸ்டெம் செல்களும் பாப்பில்லாவும் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன.

ஒரு தலைமுடி 2 முதல் 6 ஆண்டுகள் வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் மயிர்க்காலின் கீழ்ப்பகுதி சுருங்கி மேலேறுகிறது. அடுத்து ஏறக்குறைய மூன்று மாத ஓய்வு. அது முடிந்து ஸ்டெம் செல்கள் விழித்துப் புது முடியைக் கட்ட, பழையது விழுகிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இந்தக் கணக்கில்தான். அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்கள் நிறையப் பேர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வழுக்கை விழுந்த இடத்தில் ஸ்டெம் செல்கள் செத்துவிட்டனவா?

பரம்பரை வழுக்கையில், பெரும்பாலும் இல்லை. இந்தத் துறை முழுவதையும் தூக்கி நிறுத்துகிற உண்மை இது. 2011இல் காட்சரெலிஸின் குழு, முடி நடும் சிகிச்சைக்கு வந்த ஆண்களின் தலைத்தோலை ஆராய்ந்தது. ஒரே ஆளின் வழுக்கைப் பகுதியையும் முடி உள்ள பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டெம் செல்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய சமம். குறைந்திருந்தது அவற்றுக்கு அடுத்த படியில் இருக்கும் செல்கள், அதாவது ஸ்டெம் செல் விழித்து முடி கட்டப் புறப்படும்போது உருவாகிறவை. விதை இருக்கிறது, முளை இல்லை.

ஏன் முளைக்கவில்லை? டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டி.எச்.டி என்ற ஹார்மோன், மரபுவழியில் அதற்கு எளிதில் மசியும் பாப்பில்லாக்களைப் பாதிக்கிறது. பாப்பில்லா சிறுக்கிறது, சேதி மெலிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைகிறது. கன்னங்கரேலென்றிருந்த முடி கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி ஆகிறது. வழுக்கை என்று நாம் சொல்லும் இடத்தைப் பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பூனைமுடிகள் தெரியும்.

எல்லா முடி உதிர்வுக்கும் இதே கதைதானா?

இல்லை. எந்த இடத்தில் அடி விழுகிறது என்பதைப் பொறுத்துக் கதை மாறும்.

புழுவெட்டில், உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களே மயிர்க்காலின் அடிக்குமிழைத் தாக்குகின்றன. புடைப்பு தப்பித்துக்கொள்கிறது. அதனால்தான் நாணய அளவில் வழவழவென்று ஆன இடத்தில்கூட, தாக்குதல் அடங்கியதும் முடி திரும்ப வருகிறது. புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும்போது முடி உதிர்வதும் இதே போலத்தான். வேகமாகப் பிரியும் குமிழ்ச் செல்களை மருந்து அழிக்கிறது, தூங்கிக்கொண்டிருக்கும் ஸ்டெம் செல்களைப் பெரும்பாலும் அது தொடுவதில்லை. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது, நிறைய முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போனதால். பெரும்பாலும் சில மாதங்களில் தானாக அடங்கும்.

பயப்பட வேண்டியது தழும்பு விழும் வகையைக் கண்டுதான். லைக்கன் பிளானோபைலாரிஸ் போன்ற நோய்களில் அழற்சி நேராகப் புடைப்பின்மேல் பாய்கிறது. ஸ்டெம் செல்கள் அழிந்து அந்த இடத்தில் தழும்புத்திசு வந்துவிட்டால் அந்த மயிர்க்கால் திரும்ப வராது. தலையில் எரிச்சல், வலி, முடியைச் சுற்றிச் சிவப்பு அல்லது செதில், துளைகளே தெரியாமல் பளபளக்கும் தோல் இவற்றில் எதைக் கண்டாலும் எண்ணெய் மாற்றிப் பார்க்கிறேன், ஷாம்பூ மாற்றிப் பார்க்கிறேன் என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும்.

பாப்பில்லாதான் பிரச்சினை என்றால், நல்ல பாப்பில்லா செல்களை வளர்த்து ஊசியாகப் போட முடியாதா?

இதைத்தான் நாற்பது ஆண்டுகளாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். 1984இல் கொலின் ஜஹோடாவும் சக ஆய்வாளர்களும் எலி மீசையின் பாப்பில்லா செல்களை ஆய்வகத்தில் வளர்த்துத் திரும்ப வைத்தபோது முடி வளர்ந்தது. 1999இல் அவரும் அமாண்டா ரெனால்ட்ஸும் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். ஜஹோடாவின் தலையிலிருந்து எடுத்த, மயிர்க்காலைச் சுற்றியிருக்கும் உறைத்திசுவை ரெனால்ட்ஸின் முன்கையில் வைத்தார்கள். சில வாரங்களில் அங்கே புது முடிகள் முளைத்தன, கையின் மெல்லிய முடியைவிடத் தடிமனாக. ஓர் ஆணின் செல்லை ஒரு பெண்ணின் உடம்பு நிராகரிக்காமல் ஏற்றுக்கொண்டது. அந்த முடிகளின் அடியில் ஆணின் குரோமோசோம் கொண்ட செல்கள் இருப்பதையும் காட்டினார்கள்.

அப்புறம் ஏன் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை? மனிதப் பாப்பில்லா செல்களைத் தட்டில் பரப்பி வளர்த்தால் அவை பெருகும், ஆனால் தங்கள் வேலையை மறந்துவிடும். சில தலைமுறைகளில் அவை சாதாரணத் தோல் செல் போல ஆகி, முடியை எழுப்பும் சேதியை அனுப்புவதில்லை. ஒரு தலைக்குத் தேவையான அளவு பெருக்கவும் வேண்டும், பெருக்கினால் திறமையும் போகிறது. இந்தச் சிக்கலில்தான் பல நிறுவனங்கள் மாட்டிக்கொண்டன. பிரிட்டனின் இன்டர்சைட்டெக்ஸும், அமெரிக்காவில் இயங்கிய அடெரான்ஸ் ஆய்வு நிறுவனமும் மனிதச் சோதனை வரை போய்ப் பிறகு கைவிட்டன.

2013இல் ஒரு வெளிச்சம். கிளேர் ஹிக்கின்ஸ், ஏஞ்சலா கிறிஸ்டியானோ, ஜஹோடா ஆகியோர் செல்களைத் தட்டில் பரப்பாமல், தலைகீழாகத் தொங்கும் துளிகளுக்குள் வளர்த்தார்கள். துளிக்குள் செல்கள் ஒன்றுகூடிச் சின்ன உருண்டை ஆயின. கூடியதும் பழைய நினைவு ஓரளவு திரும்பியது. அந்த உருண்டைகளை மனித முன்தோலுக்குள் (ஆண்குறியின் நுனித்தோல்) வைத்து எலியின் முதுகில் ஒட்டினார்கள். முன்தோல் இயற்கையில் முடியே இல்லாத இடம். ஏழு பேரின் செல்களில் ஐந்து பேருடையவை அங்கே முடியை முளைக்கச் செய்தன. செல்கள் கூட்டமாக இருந்தால்தான் தாங்கள் யார் என்பது அவற்றுக்கு நினைவிருக்கிறது என்பதை நான் படித்த நாள் இன்னும் மறக்கவில்லை.

ஜப்பானில் மனிதர்களில் நடந்த ஒழுங்கான சோதனை ஒன்று 2020இல் வெளியானது. மயிர்க்காலின் அடியிலுள்ள கிண்ணம் போன்ற உறைப்பகுதியின் செல்களைப் பின்தலையிலிருந்து எடுத்து, பெருக்கி, அதே ஆளின் மெலிந்த பகுதியில் ஊசியாகப் போட்டார்கள். ஆண், பெண் 65 பேர். மூன்று அளவுகளில் மிகக் குறைந்த அளவு செலுத்திய இடத்தில்தான் 6, 9 மாதங்களில் செல் இல்லாத வெற்று ஊசி போட்ட இடத்தைவிட அடர்த்தி கூடியது. கூடியதும் கொஞ்சம்தான். பாதுகாப்பில் பெரிய குறை தெரியவில்லை. கண்ணாடி முன் நின்று மகிழும் அளவு மாற்றம் அது இல்லை என்றாலும், பொய் சொல்லாத சோதனை என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

முழு மயிர்க்காலையே ஆய்வகத்தில் உண்டாக்க முடியுமா?

எலியில் முடிந்திருக்கிறது. ஜப்பானின் தகாஷி சுஜி குழு 2012இல், வளர்ந்த எலியின் புடைப்புச் செல்களையும் பாப்பில்லா செல்களையும் சேர்த்து மயிர்க்கால் முளைகளைக் கட்டி, முடியில்லா எலிகளின் தோலில் நட்டது. அந்த முடிகள் நரம்போடும் தசையோடும் இணைந்து, உதிர்ந்து மறுபடி வளர்ந்தன. அதாவது அந்த முடிகளுக்கும் புல்லரிக்கும்.

2020இல் கார்ல் கோலரின் குழு மனித ஸ்டெம் செல்களிலிருந்து முடியுள்ள தோலையே உருண்டையாக வளர்த்தது. நான்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. எண்ணெய்ச் சுரப்பிகளும் நரம்புகளும்கூட உருவாயின. ஒரு விசித்திரம், அந்த உருண்டை உள்ளும் புறமும் திரும்பிய தோல்: முடிகள் வெளியே வராமல் உள்ளே வளர்ந்தன. எலியின் முதுகில் ஒட்டியபோது அது விரிந்து, மனித முடிகள் வெளியே தலைகாட்டின.

மனிதத் தலைக்கு வர இன்னும் சில முடிச்சுகள் அவிழ வேண்டும். எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லில் ஒன்றிரண்டு மாறாமல் தங்கினாலும் கட்டி வளரும் ஆபத்து உண்டு. முடி சரியான கோணத்தில் சாய்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் முள்ளம்பன்றி முதுகுதான். செய்யும் செலவும் காலமும் இன்னொரு பக்கம்.

செல்லே வேண்டாம், தூங்கும் ஸ்டெம் செல்லை மருந்தால் எழுப்ப முடியாதா?

எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்த வழிதான். ஆளுக்கு ஆள் செல் வளர்க்க வேண்டாம், தடவினால் போதும் என்பதே பெரிய வசதி.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் வில்லியம் லோரி, ஹீதர் கிறிஸ்டாஃப்க் இருவரும் 2017இல் ஒன்றைக் கவனித்தார்கள். மயிர்க்கால் ஸ்டெம் செல்கள் சர்க்கரையிலிருந்து லாக்டேட் உண்டாக்கும் வழியை மற்றச் செல்களைவிட அதிகம் பயன்படுத்துகின்றன. எலியில் லாக்டேட்டைக் கூட்டினால் அவை சீக்கிரம் விழித்தன. இதிலிருந்து பிறந்த பி.பி.405 என்ற தடவும் மருந்தைப் பெலாஜ் என்ற நிறுவனம் மனிதர்களில் சோதித்து வருகிறது. 2025இல் இரண்டாம் கட்டத்தின் முதல் பகுதி முடிவுகளை நம்பிக்கையோடு அறிவித்தது. நிறுவனம் சொல்வதற்கும் பெரிய சோதனை சொல்வதற்கும் இடையில் எத்தனையோ மருந்துகள் விழுந்திருக்கின்றன, அதனால் நானும் காத்திருக்கிறேன்.

இன்னொரு தடயம் நம் உடம்பிலேயே இருக்கிறது. கன்னத்திலோ கையிலோ மச்சத்தில் மட்டும் கறுகறுவென்று ஒரு முடி நீளமாக வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் உள்ளதெல்லாம் பூனைமுடி, அங்கே மட்டும் ஏன் அப்படி? மாக்சிம் பிளிகஸின் குழு 2023இல் காரணம் சொன்னது. மச்சத்தில் முதிர்ந்துபோன நிறமிச் செல்கள் ஆஸ்டியோபான்டின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன, அது அருகிலுள்ள ஸ்டெம் செல்களைத் தட்டி எழுப்புகிறது.

மன அழுத்தத்தால் முடி கொட்டும் என்பது உண்மையா?

எலியில் வழி தெளிவாகிவிட்டது. யா-சியே ஷூவின் குழு 2021இல் காட்டியது: அழுத்த ஹார்மோன் கூடினால் பாப்பில்லா, காஸ்6 என்ற சேதியை அனுப்புவதை நிறுத்துகிறது. ஸ்டெம் செல்கள் நீண்ட ஓய்வில் கிடக்கின்றன. காஸ்6-ஐத் திரும்பக் கொடுத்தால் அழுத்தம் இருந்தாலும் முடி வளர்கிறது. நரைக்குக் காரணம் வேறு, அது நிறமி ஸ்டெம் செல்கள் தீர்ந்துபோவது அல்லது தவறான இடத்தில் மாட்டிக்கொள்வது.

பி.ஆர்.பி என்பது ஸ்டெம் செல் சிகிச்சையா?

இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஆறு அமர்வுகளுக்கு முன்பணம் கட்டிவிட்டு அந்தக் காகிதத்தைக் காட்டினார். மேலே பெரிய எழுத்தில் ஸ்டெம் செல் தெரபி என்றிருந்தது. செய்முறையைப் படித்தால், கையிலிருந்து ரத்தம் எடுத்து, குழாயைச் சுழற்றி, மேலே பிரியும் மஞ்சள் திரவத்தைத் தலையில் ஊசியாகப் போடுவது. அது பி.ஆர்.பி. ரத்தத் தட்டணுக்கள் செறிந்த திரவம். தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது, அது ஸ்டெம் செல் ஆக வழியில்லை. அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் மயிர்க்காலைத் தூண்டலாம், சிலருக்குத் தடிமன் கூடியதாகச் சிறிய சோதனைகள் சொல்கின்றன. அதைப் பி.ஆர்.பி என்றே சொல்லிச் செய்பவரிடம் எனக்குக் குறை இல்லை. பெயரை மாற்றி விற்பதுதான் குறை.

கிளினிக்குகளில் சொல்லும் கொழுப்பு ஸ்டெம் செல், எக்ஸோசோம் எல்லாம்?

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து பிரித்த செல்களைத் தலையில் செலுத்துவது ஒன்று. சிறு ஆய்வுகள் இருக்கின்றன, தீர்ப்புச் சொல்லும் அளவு பெரியவை இல்லை. எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் நுண் பைகள், அதில் செல்லே கிடையாது. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ, எக்ஸோசோம் பொருள் எதற்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்றும், அவற்றைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது என்றும் பொது எச்சரிக்கை விட்டது.

'உங்கள் சொந்தச் செல்தானே, என்ன ஆகும்' என்று சொல்வார்கள். சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்ததை 2017இல் ஒரு முன்னணி மருத்துவ இதழ் பதிவு செய்தது. தலையும் கண்ணும் வேறுதான். ஆனால் சொந்தச் செல் என்பதாலேயே பாதுகாப்பு என்ற வாதம் அங்கேயே உடைந்துவிட்டது.

பணம் கட்டுமுன் நேராகக் கேளுங்கள்: என்ன செலுத்தப் போகிறீர்கள், அது யாருடையது, எங்கே தயாரானது, முடி உதிர்வுக்கென்று அரசு ஒப்புதல் இருக்கிறதா, இது சோதனை என்றால் நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டெம் செல் ஷாம்பூ, சீரம்?

புட்டியில் உயிருள்ள செல் எதுவும் இருக்காது. இருப்பது ஆப்பிள் போன்ற தாவரச் செல்களின் சாறு.

முடி நடுதலும் ஸ்டெம் செல்லும் சம்பந்தப்பட்டவையா?

ஒரு விதத்தில் இன்று நம்பகமாக நடக்கும் ஸ்டெம் செல் இடமாற்றம் அதுதான். பின்தலை மயிர்க்காலைப் புடைப்போடும் பாப்பில்லாவோடும் சேர்த்து முழுதாக எடுத்து முன்னால் நடுகிறார்கள். இடம் மாறினாலும் அது பின்தலைக் குணத்தோடே வளரும் என்பதை நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் காட்டினார். எண்ணிக்கை கூடாது, இருப்பதை இடம் மாற்றுவதுதான். கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததே.

அப்படியானால் இப்போது என்ன செய்யலாம்? புதியது வரும்வரை காத்திருக்கலாமா?

பரம்பரை வழுக்கை என்றால் காத்திருப்பதில் நஷ்டம் உங்களுக்குத்தான். சிறுத்துக்கொண்டிருக்கும் மயிர்க்காலைக் காப்பாற்றுவது சுலபம், வெகுநாள் முன்பே சிறுத்துப்போனதை மீட்பது கடினம். மினாக்சிடில் 1988இலும், ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை 1997இலும் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றவை. ஃபினாஸ்டரைடு டி.எச்.டி உண்டாவதைக் குறைக்கிறது. சிலருக்குப் பாலுறவு நாட்டத்தில் பாதிப்பு வரலாம். கர்ப்பிணிகள் அதை எடுக்கவே கூடாது. மினாக்சிடில் பெண்களுக்கும் உண்டு. தொடங்கிய முதல் சில வாரங்களில் கொட்டுவது கூடும், அதைக் கண்டு பலர் பயந்து உடனே நிறுத்திவிடுகிறார்கள். ஓய்விலிருந்த மயிர்க்கால்கள் விழித்துப் பழைய முடியைத் தள்ளுவதால் நடப்பது அது. கடுமையான புழுவெட்டுக்கு 2022இல் பாரிசிட்டினிப், 2023இல் ரிட்லெசிட்டினிப் மாத்திரைகள் வந்தன. இவை மருத்துவர் கண்காணிப்பிலேயே எடுக்க வேண்டியவை.

சிகிச்சை பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தினமும் கண்ணாடி பார்த்துத் தெரியாது, சீப்பில் எண்ணியும் தெரியாது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். தொடங்கும் நாளில் ஒரு படம் எடுங்கள். தலை காய்ந்திருக்கட்டும், வகிடு ஒரே இடத்தில் இருக்கட்டும், அதே அறை, அதே விளக்கு, அதே தூரம். உச்சி ஒன்று, முன்நெற்றி ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்து, ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் படங்களையும் கொண்டுபோங்கள்.